பால் சுரக்கும் மரம்

பென்சில் எழுத்தை அழிக்கும் சிறு துண்டு முதல், வானூர்தி தரையில் இறங்கும்போது அதன் பெரும் பாரத்தைத் தாங்கும் சக்கர உறை வரை, இரப்பர் பயன்படாத துறையே இல்லை எனலாம். மருத்துவர் அணியும் கையுறை, சிறுவர் உதைத்து ஆடும் பந்து, மழையில் அணியும் காலணி ஆகியவற்றுள்ளும் அதற்கு இடம் உண்டு. இயற்கை இரப்பருக்கு மூலப்பொருளாவது, ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வடியும் வெண்ணிறப் பாலே ஆகும். பசு, கன்றை நினைந்து தானே பால் சுரக்கும். இரப்பர் மரமோ காயப்பட்டால் அன்றிப் பால் தருவதில்லை. காயம் ஆழமாயின் மரம் கெடும். ஆழம் குறைந்தால் பால் வாராது. மரத்தை அழிக்காமல் அதன் பாலைப் பெறுவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை காண மனிதனுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அவ்விடையே இரப்பர்த் தொழிலுக்கு உயிர்நாடியாய் அமைந்தது.

இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் ஆற்றுப் பெருங்காடு ஆகும். பால் வடியும் மரங்களும் கொடிகளும் உலகில் பல உண்டு. எனினும், அவற்றுள் தலைசிறந்தது 'ஹீவியா பிரேசிலியென்சிஸ்' என்று நூலோர் வழங்கும் இம்மரமே. இஃது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரப்பாலைக் கொண்டு காலணிகளும், நீர் புகாத துணிகளும், பந்துகளும் செய்து வந்தனர். 1736 ஆம் ஆண்டில் லா கோந்தமின் என்னும் பிரெஞ்சு அறிஞர் தென் அமெரிக்காவிலிருந்து இப்பொருளின் மாதிரிகளைப் பாரிசு நகர அறிவியற் கழகத்துக்கு அனுப்பினார். 1770 இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, இது காகிதத்தில் எழுதிய பென்சில் கோடுகளைத் தேய்த்து அழிக்க வல்லது எனக் குறிப்பிட்டார். தேய்ப்பது என்னும் பொருள்படும் 'இரப்பர்' என்ற பெயர் அதனால் நிலைத்தது.

எனினும், அக்கால இரப்பரில் ஒரு பெருங்குறை இருந்தது. கோடையில் அது பிசின்போல் உருகி ஒட்டிக்கொள்ளும்; குளிர் காலத்தில் விறைத்து வெடிக்கும். அமெரிக்கராகிய சார்லசு குட்இயர் இக்குறையைப் போக்கப் பல்லாண்டு முயன்றார், வறுமையுற்றார், கடனுக்காகச் சிறையும் புகுந்தார். 1839 இல், இரப்பருடன் கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் அது வெப்பத்தாலும் குளிராலும் கெடாத உறுதி பெறுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். 1888 இல் ஜான் பாய்டு டன்லப் என்பவர் காற்றடைத்த சக்கரக் குழாயைச் செய்தார். மிதிவண்டியும், அதன்பின் மோட்டார் வண்டியும் பெருகின. உலகெங்கும் இரப்பருக்குத் தேவை மிகுந்தது.

தேவை மிகுந்தபோது பேராசையும் மிகுந்தது. அக்காலத்தில் இரப்பர் தோட்டங்கள் இல்லை. காட்டில் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் நின்ற மரங்களைத் தேடிச் சென்று, சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். கோடரி பட்டையைக் கடந்து கட்டையிலும் பாய்ந்தது. மரத்தின் அடிப்பகுதி முழுவதும் புண்ணாகி முண்டு முண்டாயிற்று. 'காஸ்டில்லா' என்னும் வேறொரு வகை மரங்களை அடியோடு வெட்டி வீழ்த்தியே பால் எடுத்தனர். ஆப்பிரிக்காவில் பெல்சிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் இருந்த காங்கோ நாட்டில், காட்டுக் கொடிகளை அறுத்து இரப்பர் கொண்டுவருமாறு மக்களை வருத்தினர். குறித்த அளவு கொணராத ஊர்களின் பெண்டிரைப் பிணையாகச் சிறை வைத்தனர். கைகள் துண்டிக்கப்பட்டோரும் உயிர் இழந்தோரும் பலர். இக்கொடுமையை உலகம் அறிந்து கண்டித்தமையால், 1908 இல் அந்நாடு மன்னரின் கையிலிருந்து நீங்கியது. மடியை அறுத்துப் பால் கறக்க முயன்றோர், மரத்தையும் அழித்தனர், மக்களையும் அழித்தனர்.

இந்நிலையில், காட்டு மரத்தைத் தோட்ட மரமாக்கும் முயற்சி ஒருபுறம் நடைபெற்றது. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், அமேசானின் கிளையாறாகிய தப்பசோசின் கரைக் காடுகளில் ஏறக்குறைய 70,000 விதைகளைத் திரட்டி, இலண்டன் மாநகரை அடுத்த கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். இரப்பர் விதையில் எண்ணெய்ப் பசை மிகுதி. அது விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலின், நூற்றுக்கு நான்கு விதைகளுக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளுள் ஏறக்குறைய 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. தென்கிழக்கு ஆசியாவில் பின்னர் எழுந்த பெருந்தோட்டங்களுக்கு வித்து, இச்சிறு தொகுதியே ஆகும்.

கன்றுகள் வளர்ந்து மரமாயின. ஆனால், அவற்றை நடுவதற்கு முன்வந்தோர் மிகச் சிலர். அந்நாளில் தோட்டக்காரர் மனம் காப்பிப் பயிரையே நாடியது. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராய் வந்த ஹென்றி ரிட்லி இரப்பரின் எதிர்காலத்தை உணர்ந்தார். அவர் காண்போரிடமெல்லாம் இரப்பர் விதைகளைக் கொடுத்து நடுமாறு வேண்டினார்; பலர் அவரைப் 'பித்தர் ரிட்லி' என்று எள்ளினர். விதை வழங்கியதினும் பெரிய பணி ஒன்றை அவர் செய்தார். மரத்தில் புதிய புதிய இடங்களைக் கொத்துவதற்கு மாறாக, முன்பு வெட்டிய கோட்டின் கீழ் விளிம்பையே மெல்லியதாகச் சீவினால், மீண்டும் பால் பெருகும் என்பதை அவர் ஆய்ந்து கண்டார். அம்முறையில் கட்டைக்கு ஊறு நேர்வதில்லை. சீவிய பட்டையும் மீண்டும் வளர்கிறது. கோடரிக்கு மாற்றாகக் கூரிய கத்தி வந்தது. ஒரே மரத்தினின்று பல்லாண்டு பால் பெறும் வழி பிறந்தது. நூறாண்டு வாழ்ந்து 1956 இல் மறைந்த ரிட்லி, தம் சொல் மெய்யானதைக் கண்ணாரக் கண்டார்.

1896 இல் டான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவில் முதல் இரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். காப்பியின் விலை வீழ்ந்து, மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கியதும், மலாயாவின் காடுகள் விரைந்து இரப்பர்த் தோட்டங்களாக மாறின. அக்காடுகளை அழித்துக் கன்றுகளை நட்டு வளர்த்தவருள் பெரும்பாலார் தமிழர். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் கப்பலேறிய அவர்கள் பினாங்கில் இறங்கி, தோட்டங்களை அடைந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் ஒழிந்தது. கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கும் முறை அதன்பின்னும் நீடித்தது. மலைக்காய்ச்சலுக்கு இரையானோர் எண்ணற்றோர். லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, விடியுமுன் மரத்தடிக்குச் சென்று, 'பால்வெட்டு' என்று தாமே பெயரிட்ட தொழிலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தனர். தோட்டந்தோறும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் எழுந்தன. 1938 இல் இந்திய அரசு கூலியாட்கள் மலாயா செல்வதைத் தடை செய்தது. உலகின் மோட்டார் வண்டிகள் ஓடிய சக்கரங்களில் இம்மக்களின் வியர்வையும் கலந்திருந்தது.

இந்தியாவில் இரப்பர் மிகுதியாக விளையும் மாநிலம் கேரளம் ஆகும். தமிழ்நாட்டில் அது செழித்து வளரும் இடம் கன்னியாகுமரி மாவட்டம். குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. சிறு உழவர் தோட்டங்களோடு, 1984 இல் நிறுவப்பெற்ற அரசு இரப்பர்க் கழகத்தின் தோட்டங்களும் அங்கு உண்டு. வெப்பமும் ஈரமும் ஒருங்கே அமைந்த இடமே இம்மரத்துக்கு ஏற்றது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பல மாதங்களிலும் பரவலாகப் பெய்தல் வேண்டும். மண் ஆழமாகவும், நீர் தேங்காததாகவும், சிறிது புளிப்புத் தன்மை உடையதாகவும் இருத்தல் நன்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் பெறும் குமரி மாவட்டம் இதற்குத் தக்க நிலமாய் அமைந்துள்ளது.

இரப்பர்க் காய் முப்பிரிவாக அமைந்தது. பிரிவுக்கு ஒரு விதை இருக்கும். ஆடி, ஆவணித் திங்கள்களில் காய் முற்றியதும் பட்டென்னும் ஓசையுடன் வெடித்து, விதைகளைத் தொலைவில் எறியும். பழுப்பு நிறத்தில் புள்ளிகளோடு விளங்கும் விதை, பெரிய ஆமணக்கு விதை போலத் தோன்றும். அதனை உடனே திரட்டி ஈர மணற் பாத்தியில் இட்டு, நிழல் அமைத்து, நீர் தெளித்து வருவர். சில நாள்களில் வேர் தலைகாட்டும். அப்போதே எடுத்து நாற்றங்காலிலோ மண் நிரப்பிய பையிலோ நடுவர்.

விதையால் முளைத்த கன்றுகள் யாவும் தாய்மரத்தைப் போன்றே பால் தரும் என்பது உறுதியன்று. ஒரே மரத்தின் விதைகளுள் ஒன்று மிகுதியாகவும், மற்றொன்று மிகக் குறைவாகவும் பால் தரக்கூடும். அதனை ஏழாண்டு வளர்த்த பின்னரே அறிய முடியும் என்றால், உழவர் அடையும் இழப்பு எத்துணைப் பெரிது! இதனைத் தவிர்க்கும் வழியே மொட்டு ஒட்டுதல். டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளில் 1916 ஆம் ஆண்டளவில் இம்முறை செம்மை பெற்றது.

நாற்றங்காலில் வளர்ந்த கன்றின் அடிப்பகுதியில், ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பட்டையைக் கதவுபோலத் திறப்பர். பால் வளம் மிகுந்த மரத்தின் வழிவந்த கிளையிலிருந்து, மொட்டுடன் கூடிய பட்டைத் துண்டு ஒன்றை அதே அளவில் எடுத்து, அவ்விடத்தில் பொருத்துவர். மண்ணோ வியர்வையோ உட்புறத்தில் படாமல் விரைந்து செய்து, நெகிழித் துண்டால் இறுகக் கட்டுவர். மூன்று வாரங்கள் சென்றபின் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது, ஒட்டிய துண்டு பசுமையாக இருப்பின் ஒட்டு வெற்றி பெற்றது என்று அறியலாம். பின்னர், ஒட்டுக்கு மேலுள்ள தண்டை வெட்டிவிடுவர். புதிய மொட்டு தளிர்த்து எழும். வேர் ஒரு மரத்தினது. உடல் வேறு மரத்தினது. இங்ஙனம், நற்பண்புடைய ஒரு தாய்மரத்தை ஆயிரமாயிரமாகப் பெருக்கலாம். கோட்டயத்திலுள்ள இந்திய இரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980 இல் வெளியிட்ட 'ஆர்.ஆர்.ஐ.ஐ. 105' என்னும் வகை இவ்வாறு பரவிப் புகழ் பெற்றதாகும்.

மழை தொடங்கும் காலத்தில் கன்றுகளைக் குழிகளில் நடுவர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஏறக்குறைய 420 முதல் 500 கன்றுகள் வரை நடலாம். சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதவாறு படிப்படியாக வரப்புகள் அமைப்பர். கன்றுகளுக்கு இடையே அவரைக் குடும்பக் கொடிகளைப் படரவிடுவர். அவை மண்ணை மூடிக் காப்பதுடன், காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்த்து உரமும் ஆகின்றன. இளங்கன்றைக் கடுவெயிலினின்றும் களையினின்றும் காத்தல் வேண்டும். இவ்வாறு ஆண்டுகள் ஏறக்குறைய ஏழு கழியும். அதுவரை உழவர்க்கு மரத்தினின்று வரவு ஏதும் இல்லை. ஒட்டு மரமாயின், ஒட்டிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 50 சென்டிமீட்டர் உள்ளதா எனக் காண்பர். அந்த அளவை எட்டிய மரமே பால்வெட்டுக்கு உரியது. அவசரப்பட்டு இளமரத்தை வெட்டின், அதன் வளர்ச்சி குன்றும்.

பால் மரத்தின் கட்டையில் இல்லை, பட்டையிலேயே உள்ளது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே 'கேம்பியம்' என்னும் மிக மெல்லிய வளர்படலம் உண்டு. புறத்தே புதிய பட்டையையும் அகத்தே புதிய கட்டையையும் உண்டாக்குவது அதுவே. பால் நிரம்பிய நுண்குழாய்கள் அப்படலத்தை ஒட்டிய மென்பட்டையில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. எனவே, மிகுந்த பால் வேண்டுவோர் கத்தியைப் படலத்தின் அருகே கொண்டுசெல்ல வேண்டும்; ஆனால், படலத்தைத் தொடுதல் கூடாது. இடையே விட வேண்டிய பட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவே. கத்தி அவ்வெல்லையைத் தாண்டினால் அங்குப் புதிய பட்டை செவ்வனே வளராது. மேடும் பள்ளமுமான வடு உண்டாகும். பின்னாளில் அவ்விடத்தில் பால் வெட்டுதல் இயலாது.

பால்குழாய்கள் நேராக மேல்நோக்கிச் செல்வதில்லை. மரத்தின் எதிரே நின்று காண்போர்க்கு அவை சிறிது வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலின், இடப்புறம் மேலாகவும் வலப்புறம் கீழாகவும் சரிந்த கோடாக வெட்டினால், மிகுதியான குழாய்கள் அறுபடும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கே கோடு அமையும். மறுபாதிப் பட்டை தீண்டப்படாது நிற்கும். கோட்டின் கீழ்முனையில் தகரத் தூம்பு ஒன்றைச் செருகி, அதன் கீழே சிரட்டையையோ கிண்ணத்தையோ கட்டிவைப்பர்.

பால்வெட்டுவோர் விடியற்காலையிலேயே, சில இடங்களில் நெற்றியில் விளக்கு அணிந்து இருளிலேயே, தோட்டத்துக்குச் செல்வர். வெயில் ஏறாத வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் விரைந்து பெருகும். முதலில் பழைய கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுப்பர். பின்னர் வளைந்த கத்தியால் ஒரே சீராகப் பட்டையைச் சீவுவர். சீவல் காகிதம்போல் சுருண்டு விழ, பால் துளித்துளியாக ஊறி, கோட்டின் வழியே ஓடிச் சிரட்டையில் விழும். இவ்வாறு ஒருவர் ஒரு காலையில் முந்நூறு மரங்களுக்கு மேல் வெட்டி முடிப்பர். சில மணி நேரத்தில் குழாய்களின் வாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒழுக்கு தானே நிற்கும்.

ஒரு முறை சீவும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அளவினது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி, ஓய்வு நாள்களையும் மழை நாள்களையும் கழித்தால், ஆண்டில் 150 முறை அளவில் வெட்டலாம். அவ்வாறாயின், ஓராண்டில் செலவாகும் பட்டை 22.5 சென்டிமீட்டர் ஆகும். ஒரு பக்கத்துப் பட்டை ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரும்; பின்னர் மறுபக்கம் அவ்வளவு காலம் வரும். அதற்குள் முதற்பக்கத்தில் புதிய பட்டை வளர்ந்து மீண்டும் வெட்டுக்கு ஆயத்தமாகிவிடும். வெட்டுவோர் கவனமின்றி மூன்று மில்லிமீட்டர் சீவினாலோ, இக்கணக்கு முழுவதும் குலைந்துவிடும். பட்டை பாதிக் காலத்தில் தீர்ந்துபோகும். புதிய பட்டையும் முதிர்ந்திராது. நாள்தோறும் ஓயாது வெட்டினால் சில மரங்களில் பட்டை வறண்டு பால் அற்றுப்போதலும் உண்டு. கத்தி பிடிக்கும் கையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வாழ்வு பிசகுகிறது. இதனாலேயே பால்வெட்டுப் பயின்றோர்க்குத் தோட்டங்களில் தனி மதிப்பு உண்டு.

திரட்டிய பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரையே இரப்பர் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி நீராகும். பாலை வடிகட்டி, நீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, சிறிது ஃபார்மிக் அமிலத்தைக் கலப்பர். மறுநாள் அது தயிர்போலக் கட்டியாகும். அதனை உருளைகளின் இடையே செலுத்தி நீரைப் பிழிந்து, வரிகள் பதித்த தகடுகளாக்கி, புகையறையில் நான்கு நாள் அளவு உலர்த்துவர். பொன்னிறம் கலந்த பழுப்புத் தகடுகள் கிடைக்கும். கையுறை போன்றவற்றுக்குப் பாலைக் கட்டியாக்காமல், அம்மோனியா சேர்த்துக் காத்து, பொறியால் சுழற்றிச் செறிவூட்டுவர்.

இம்மரத்துக்குப் பகைகளும் உண்டு. மழைநீர் வெட்டுக் கோட்டில் ஓடினால் பால் வீணாகும், பட்டையும் அழுகும். அதனைத் தடுக்கக் கோட்டுக்கு மேலே நெகிழித் தாளால் பாவாடைபோல் மழைக்காப்பு கட்டுவர். பருவமழைக் காலத்து இலையுதிர் நோய்க்குத் துத்தக் கலவை தெளிப்பர். தென் அமெரிக்காவில் உள்ள இலைக்கருகல் நோயோ மிகக் கொடியது. அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு, 1928 முதல் அமேசான் காட்டில் 'ஃபோர்ட்லாந்தியா' என்னும் ஊரையே அமைத்து இரப்பர் பயிரிட்டார். நெருக்கமாக நட்ட மரங்களில் நோய் தீப்போல் பரவியது. 1945 இல் ஃபோர்டு நிறுவனம் பெரும் இழப்புடன் அத்தோட்டங்களைக் கைவிட்டது. மரம் தன் தாயகத்தில் தோட்டப் பயிராகத் தழைக்கவில்லை. கடல் கடந்து வந்த நாடுகளிலேயே தழைத்தது. அந்நோய் ஆசியாவினுள் நுழையாதவாறு அறிஞர் விழிப்புடன் காத்து வருகின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் மலாயா சப்பானியர் வசமானபோது, அமெரிக்கர் செயற்கை இரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கினர். இன்று செயற்கை இரப்பர் பல துறைகளில் பயன்படுகிறது. எனினும், வானூர்திகளும் பெருஞ் சரக்கு வண்டிகளும் ஓடும் சக்கரங்களுக்கு இயற்கை இரப்பரே சிறந்தது. கடும் உழைப்பிலும் அது மிகுதியாகச் சூடேறுவதில்லை. ஏறக்குறைய இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து முதிர்ந்த மரத்தை வெட்டி, அதன் கட்டையால் நாற்காலி, மேசை முதலியன செய்வர். அந்நிலத்தில் மீண்டும் இளங்கன்று நடப்படும்.

கோடரியால் கொத்தியவர்க்கு மரம் சில காலமே பால் தந்தது. மெல்லச் சீவியவர்க்குத் தலைமுறைக் காலம் தந்தது. பெறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் காப்போர்க்கே இயற்கை தொடர்ந்து வழங்கும். பட்டைக்கும் படலத்துக்கும் இடையே விடப்படும் அந்த ஒரு மில்லிமீட்டர், மனிதன் மரத்துக்கு விட்டுவைக்கும் பங்கு ஆகும். அப்பங்கை விட்டுவைத்தவரை மரமும் கைவிடுவதில்லை.